அறுபதும் பதினைந்தும்

லிங்கராஜபுரம், சனிக்கிழமை ராத்திரி.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.
ஏழு கார்டு எடு, பார், கலை.
ஏழு எடு, பார், கலை.
நூற்று நாற்பதாவது கையில்
கீழ்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.
நான் நிறுத்தவில்லை.

என் டெக்கில் விஷயம் இவ்வளவுதான்:
கண்ணாடிக் கிணறு மேஜைக்கு வர வேண்டும்,
அதன் பக்கத்தில் தாகம் வர வேண்டும்.
இரண்டும் சந்தித்துவிட்டால்
மொத்தக் கட்டையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
கடைசித் துளியை எதிராளி தலையில் கவிழ்க்கலாம்.
சந்திக்காவிட்டால்
மாப்பிள்ளை வராத மண்டபத்தில்
பந்தி பரிமாறுகிறவனைப் போல
என்னவோ செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

நான்கு தாகம் வைத்தால்
முதல் ஏழில் ஒன்றாவது வர நூற்றுக்கு நாற்பது.
மூன்று என்றால் முப்பத்தொன்றரை.
அந்த எட்டரைக்குள்தான்
இந்த மாதம் முழுக்கக் குடியிருக்கிறேன்.

"நிலவுத் தவளையைத் தூக்கு" என்கிறான் இம்தியாஸ்.
அழகான கார்டு. சாய்த்தால் ஓரம் மின்னும்.
சிவாஜிநகரில் ஒரு கபாப் கடை வாசலில்
மழையில் நின்று பேரம் பேசி வாங்கியது.
இருநூறு கைகளில் ஒருமுறைகூட உதவவில்லை.
தூக்கினேன்.
அந்த இடத்தில் தேடிக் கொடுக்கும் கார்டு ஒன்று,
வரைந்தவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ,
மூக்கே இல்லாத ஒரு மந்திரவாதி,
வந்து உட்கார்ந்தான்.
டெக் ஓடத் தொடங்கியது.

பக்கத்தில் பதினைந்து.
முதல் ஆட்டத்தில் நான் யாரென்று தெரியாது.
இரண்டாவதில் தெரிந்துவிடும்;
எல்லார் பெட்டியிலும் வேலி இருக்கும்.
வேலி விழுந்தால் முறைக்கு ஒரு கார்டுதான் எடுக்கலாம்,
தாகம் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும்.
அதற்குக் கோடாலி.
எத்தனை கோடாலி?
ஒன்று உள்ளே வர ஒன்று வெளியே போக வேண்டும்.
காவலுக்கு ஆள் கூட்டக் கூட்ட
கல்யாணத்துக்கு ஆள் குறைகிறது.

ஞாயிறு. கம்மனஹள்ளி, பேக்கரிக்கு மேல் மாடி.
பன் வேகும் வாசனையில் முப்பத்திரண்டு பேர்.
அரையிறுதியில் ப்ரணீத் ஹெக்டே.
கலைக்கும்போது கார்டைப் பார்க்கமாட்டான், கண்ணைப் பார்ப்பான்.
முதலாட்டம் எனக்கு: கிணறு, தாகம், நாலு நிமிஷம்.
இரண்டாவது அவனுக்கு:
வேலி, அதற்குப் பின்னால் இன்னொரு வேலி,
என் கோடாலிகள் கட்டைக்கு அடியில் தூக்கம்.

மூன்றாவதற்கு முன்
பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவர் இருமினார்.
கிணறு நான்கையும் எடுத்தேன்.
தாகம் நான்கையும்.
கடைசித் துளியையும்.
உள்ளே நான்கு கீரி, நான்கு நரி, ஒரு குளவி.
சின்னது, மலிவு, கடிக்கும், அவ்வளவுதான்.
அவன் வேலி கட்டிக் காத்திருக்கட்டும்,
நான் காலைக் கடிக்கிறேன்.

கடித்தேன்.
இருபது பதினாறாச்சு. பதினாறு பன்னிரண்டாச்சு.
வேலி வரவில்லை.
யானை வந்தது. பிறகு அதன் தம்பி.
கீரி என்ன செய்யும்?
வேலி வரவே இல்லை.

கை குலுக்கிய பிறகு
அவன் தன் பதினைந்தைத் திருப்பிக் காட்டினான்.
நான்கு வேலியும் அதில்.
"நீ கெணறு எடுத்துருவேன்னு தோணிச்சு"
என்றான் அவனுக்குத் தெரிந்த தமிழில்.
நானும் திருப்பினேன்.
இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் அவன்தான் முதலில் சிரித்தான்.

திறந்து கிடந்த தோட்டம்.
கிணற்றைப் பெட்டியில் பூட்டிவிட்டு
அதன் வாசலில் நான்.

கீழே இறங்கி, பன் வாங்கி,
மேம்பாலம் வரை நடந்தேன்.
பில் இன்னும் சட்டைப் பையில் இருந்தது.
கோடுகளுக்கு நடுவே இடம் தேடி எழுதினேன்:
ப்ரணீத், மூன்றாவது ஆட்டம், வேலியை எடுப்பான்.
எழுதியதுமே அது பழசாகிவிட்டது.
அவனும் எங்கோ ஏதோ காகிதத்தின் பின்பக்கம்
என் பெயரை எழுதிக்கொண்டிருப்பான்,
ழகரத்தைத் தொலைத்துவிட்டு,
பொலிலன், கிணறு, அடுத்த முறை
என்று தொடங்கி,
மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்.